பிரகாஷ் கையெழுத்துப் போட வேண்டாம்

ஸ்ரீராமபுரம், பெங்களூரு

அன்புள்ள தாமு,

உன் கடிதம் நேற்று வந்தது. மற்ற விஷயமெல்லாம் அப்புறம். முதலில், பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டுகிற மெஷினில்) கை மாட்டி விரல் நசுங்கிய உன் அக்கா மகன் பிரகாஷுக்குப் போன் போட்டு, முதலாளி கேட்கிற அந்த ராஜினாமா பேப்பரில் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிடு. முதலாளி நல்லவர், நர்சிங் ஹோம் பில்லைத் தானே கட்டினார், விரல் ஆறினதும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அடிபட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை. அவனுக்கும் அவன் பெண்டாட்டி பிள்ளைக்கும் இருக்கிற மருத்துவ வசதியும் அந்த வேலையோடுதான் ஒட்டியிருக்கிறது. பெயர் ரோலில், அதாவது கம்பெனி ஆள் பட்டியலில், இருக்கிறவரை அதுவும் இருக்கும்.

இதை நான் என் கால் உடைந்த கதையிலிருந்தே சொல்கிறேன். போனில் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. கோரகுண்டேபாளையா பக்கம் மழை ஈரத்தில் வண்டி சறுக்கி விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. ப்ளேட் வைத்து ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். கம்பெனி மெடிக்ளெய்ம், அதாவது மருத்துவக் காப்பீடு, இருந்ததால் கையிலிருந்து பணம் கட்டாமல் கேஷ்லெஸ்ஸில் ஆபரேஷன் முடிந்தது. சிக் லீவும் ஈ.எல். என்கிற சம்பள லீவும் தீர்ந்து, லாஸ் ஆஃப் பே என்கிற சம்பளமில்லாத லீவு ஆரம்பித்த பிறகுதான் பிரச்சினை வந்தது.

ஹெச்.ஆரிலிருந்து ஒரு பெண் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள். 'நீங்கள் டென்ஷன் இல்லாமல் ரெஸ்ட் எடுங்கள் சார், இப்போதைக்கு ராஜினாமா பேப்பர் போட்டுவிடுங்கள், ஃபிட்னெஸ் சர்டிபிகேட் வந்ததும் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம்' என்றாள். சாயங்காலம் மெயிலில் ஒரு கடிதம் வந்தது. என் பெயர், எம்ப்ளாயி நம்பர், டிபார்ட்மெண்ட் எல்லாம் அடித்திருந்தது. காரணம் என்கிற இடத்தில் குடும்பச் சூழ்நிலை என்று அவர்களே நிரப்பியிருந்தார்கள். தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும்தான் இடம் காலியாக விட்டிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, தாமு. எலும்பு இன்னும் கூடவில்லை, அதற்குள் நான் குடும்பத்துக்காக வேலையை விடுகிறேன் என்று எழுதித் தருகிறார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் அக்கவுண்ட்ஸில் ஒரு பெரியவர் இருக்கிறார், காஞ்சிபுரத்துக்காரர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். குரூப் பாலிசிக்கு, அதாவது ஊழியர் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கிற மெடிக்ளெய்முக்கு, வருட ஆரம்பத்திலேயே கம்பெனி பிரீமியம் கட்டிவிடும், ஆள் போனால் பெயரை நீக்கி மீதி மாதத்துப் பணத்தைத் திரும்ப வாங்கும், ஆனால் க்ளெய்ம் எடுத்த ஆளுக்கு அப்படிப் பணம் திரும்ப வராது, பெரும்பாலான பாலிசிகளில் இதுதான் வழக்கம் என்றார். அதாவது என்னை ரோலில் வைத்திருப்பதால் அந்த வருடம் கம்பெனிக்குக் கூடுதலாக ஒரு பைசா ஆகாது. எனக்கோ எல்லாமே அதில்தான். அம்மாவும் அதே பாலிசியில்தான். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு, கண் ஆபரேஷனும் பாக்கி.

உடனே ஹெச்.ஆருக்கு மெயில் எழுதினேன். டாக்டர் சர்டிபிகேட்டை இணைத்து, லாஸ் ஆஃப் பே லீவை நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்டேன். லீவில் இருக்கும்வரை என் பெயரும் குடும்பத்தார் பெயரும் பாலிசியில் தொடரும் என்பதை எழுத்தில் உறுதி செய்யச் சொன்னேன். அம்மாவுக்கான பிரீமியத்தை மாதாமாதம் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். சம்பளமே இல்லாதபோது எதில் பிடிப்பது? பிடிக்க முடியவில்லை என்று அவர் பெயரைத் தானாக எடுத்துவிடக் கூடாதே. அந்தப் பணத்தை நேராக பேங்கில் போட்டுவிடுகிறேன், கணக்கு எண் கொடுங்கள் என்றும் எழுதினேன். நாலைந்து நாள் சத்தமே இல்லை. மேனேஜருக்கும் ஒரு காப்பி போட்டேன். அப்புறம் சரி என்று பதில் வந்தது. அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன். வாய்வார்த்தையாக எதையும் விடாதே என்று உனக்கும் சொல்கிறேன்.

ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசி வேலை நாளோடு குரூப் பாலிசி முடிந்திருக்கும். வெளியில் புதிதாக ஒரு பாலிசி எடுத்தால் முதல் 30 நாளுக்கு விபத்து தவிர எதற்கும் பணம் வராது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அம்மாவின் சுகர் அதில் வரும், என் காலும் வரும். ப்ளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது முழுக்கக் கைக்காசாகப் போயிருக்கும்.

ஒருவேளை வேலையை விட்டே ஆகவேண்டிய நிலை வந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. குரூப் பாலிசி எந்தக் கம்பெனியுடையதோ, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். குரூப்பில் கழித்த காலத்தைக் காத்திருப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் உடல்நிலையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், பிரீமியமும் நம் கையிலிருந்துதான். அதனால் வேலையிலிருந்து ரிலீவ் ஆவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மெடிக்ளெய்முக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்னே 18 சதவீதம் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த வகையில் கொஞ்சம் நிம்மதி.

இப்போது பிரகாஷ் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு மெடிக்ளெய்ம் இல்லை, அதைவிட நல்லது இருக்கிறது. சம்பளம் 17,000 என்று எழுதியிருக்கிறாய். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் வருவான். சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல். 0.75 சதவீதம், அதாவது 128 ரூபாய் போலப் பிடித்திருப்பார்கள். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் போடவேண்டும். கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவன் என்றாலும் பெரிய கம்பெனிதான் பொறுப்பு. பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தாலும் அதற்காகப் பிரகாஷின் உரிமை போகாது. இ.எஸ்.ஐ. அவனுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கும்.

உன் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு வரி. டாக்டர் கேட்டால் வீட்டில் கதவு இடுக்கில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னாராமே அந்த முதலாளி? அவன் கை மாட்டியது பவர் பிரஸ்ஸில். வேலை நேரத்தில், மெஷினில் அடிபட்டால் அது வேலைக்காயம். அதற்கு இ.எஸ்.ஐ. சம்பளத்தில் 90 சதவீதம் தரும், வேலை செய்ய முடியாத காலம் முழுக்கத் தரும். இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்கிற கணக்கே கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வீட்டில் அடிபட்டது என்று எழுதிவிட்டால் அது வெறும் நோய் லீவு. 70 சதவீதம்தான், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான், அதற்கும் முன்னால் போதிய நாள் பணம் கட்டியிருக்க வேண்டும்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு விரல் நசுங்கியிருக்கிறது என்கிறாய். நாளைக்கு விரல் மடங்காமல் போனால் மெடிக்கல் போர்டு பார்த்து, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்குப் போடும். அதற்கேற்ற தொகையை ஆயுள் முழுக்க மாதாமாதம் தருவார்கள். இருபத்தைந்து வயசுப் பையன், தாமு. அவன் இன்னும் எத்தனை வருடம் அந்தக் கையை வைத்துப் பிழைக்க வேண்டும்! கதவு இடுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் அது எல்லாம் போய்விடும்.

முதலாளி ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் தெரிந்ததுதான். விபத்து அறிக்கை கொடுத்தால் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருவார், பிரஸ்ஸுக்குக் கை போகாமல் தடுக்கிற கார்டு இருந்ததா, சென்சர் வேலை செய்ததா என்று கேட்பார். ராஜினாமா வாங்கிவிட்டால் ஆளே அங்கே இல்லை. கையெழுத்துப் போட்டாலும் காயத்துக்கான உரிமை செத்துப்போகாது, ஆனால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நிரூபித்து, அலைந்து, சண்டை போட்டு வாங்கவேண்டும். விரலில் கட்டோடு யார் அலைவது?

பேங்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அதில் ஏதாவது வருமா என்று கேட்டிருந்தாய். இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். விரலுக்கு வராது. என் கால் முறிவுக்கும் வரவில்லை. இருந்தாலும் அதை நிறுத்த வேண்டாம்.

உடம்பு நன்றாக இருக்கிறபோது வேலையும் இருக்கிறது, காப்பீடும் இருக்கிறது. உடம்பு விழுந்ததும் வேலை ஆட்டம் காண்கிறது, கூடவே காப்பீடும் போகப் பார்க்கிறது. எப்போது தேவையோ அப்போது கைவிடுகிற ஏற்பாடு சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அது மாறுகிறவரை நம் பிள்ளைகளுக்கு விவரம் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்.

இங்கே மற்றபடி சுகம். வாக்கர் போய் இப்போது கைத்தடி வந்திருக்கிறது. மெட்ரோவில் லிப்ட் இருப்பதால் தனியாகவே போய் வருகிறேன். சின்னவன் கன்னடத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறான், தெருவில் எல்லோருக்கும் அவன்தான் ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிறான். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இந்த வருடம் குடியாத்தம் வர முடியாது, அந்தக் கூட்டத்தில் கால் தாங்காது. எனக்கும் சேர்த்து நீயே கும்பிட்டுவிடு. நூல் விலை ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாயே, தறி ஓடுகிறதா? உன் மாமனார் கண் ஆபரேஷன் க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள் என்றால் அதை அப்படியே விடாதே. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடு. ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற, சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஒரு வருடத்துக்குள் போகவேண்டும்.

திங்கட்கிழமை நான் பிரகாஷோடு போகிறேன். பீன்யாவிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, தேவைப்பட்டால் ராஜாஜிநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். காலை எட்டரைக்கு பீன்யா மெட்ரோ வாசலில் நிற்கச் சொல். இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நர்சிங் ஹோம் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் ஒரிஜினல் வேண்டும். சம்மரியில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே படித்துப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பட்டும். தப்பாக எழுதியிருந்தால் போகும் வழியில் அந்த டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். அவனோடு அன்றைக்கு ஷிப்டில் இருந்த பையன் யாராவது சாட்சி சொல்வானா என்றும் கேட்டு வை.

அக்காவுக்கு என் வணக்கம் சொல். பயப்பட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
சேகர்