டிசம்பர் மாதம்: லூக்காவும் பிடி அரிசியும்

அன்புள்ள பெற்றோருக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

அரையாண்டுத் தேர்வு முடிகிற அன்று பிற்பகல் பள்ளியில் கிறிஸ்மஸ் விழா. இந்த ஆண்டு பிள்ளைகள் சீருடையிலேயே வரட்டும். கலர் டிரெஸ் வேண்டாம். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு தரும் ‘கிறிஸ்மஸ் ஃப்ரெண்டு’க்குச் சீட்டுக் குலுக்குவது வழக்கம்போல் உண்டு. ஆனால் கடையில் வாங்கிய பரிசு எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது.

பரிசுக்கு விலை வரம்பு வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறீர்கள். போதாது. ‘50 ரூபாய்க்குள்’ என்று சொன்னால், பிள்ளைகளுக்குள் அந்த 50 ரூபாயே குறைந்தபட்ச விலையாகிவிடும். 20 ரூபாய்ப் பேனா கொண்டுவந்த பிள்ளை அதைப் பையை விட்டு வெளியே எடுக்கத் தயங்கும். பக்கத்து பெஞ்சில் 300 ரூபாய்த் தண்ணீர் பாட்டில் பிரிக்கப்படும். அதைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. ஆகவே, எல்லாருக்கும் ஒரே பரிசு: வகுப்பில் உட்கார்ந்து கையால் எழுதிய ஓர் அட்டை. அதில் ஒரு வசனமும், அந்த நண்பர் இந்த வருஷம் செய்த ஒரு நல்ல காரியமும் இருக்க வேண்டும். “நீ நல்லவன்” என்று எழுதினால் ஆசிரியர் திருப்பிக் கொடுப்பார். “எனக்குக் காய்ச்சல் வந்தபோது கணக்கு நோட்டு கொடுத்தாய்” என்ற அளவுக்குக் குறிப்பாக எழுத வேண்டும். சார்ட்டும் ஸ்கெட்ச்சும் பள்ளியே தரும். வீட்டிலிருந்து செய்து அனுப்பாதீர்கள்; அம்மாக்களுக்குள் இன்னொரு போட்டி வேண்டாம்.

வீட்டில் செய்ய இரண்டு காரியங்கள்.

முதலாவது, லூக்கா: இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பைபிள் சுவிசேஷங்களில் ஒன்று. அந்தச் சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் தினம் ஒன்று வாசித்தால் 24-ஆம் தேதி முடிந்துவிடும். பணத்தையும் சொத்தையும் பற்றி லூக்கா அளவுக்கு விடாமல் பேசும் சுவிசேஷம் வேறில்லை என்பதால்தான் இந்த மாதத்துக்கு அதைச் சொல்கிறோம். 2-ஆம் தேதி, குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுவரும் இடத்தில் நிறுத்துங்கள். மரியாளும் யோசேப்பும் பலியிடக் கொண்டுவந்தது இரண்டு பறவைகள். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12-ஆம் அதிகாரம் விதித்த காணிக்கை அது. கிறிஸ்மஸ் குடிலின் முன்னணையில் வைக்கோல் பரப்புகிற பிள்ளைக்கு அந்தக் குடும்பத்தின் வருமானம் இந்த ஒரு வசனத்தில் தெரியும். 3-ஆம் தேதி, இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்று யோவான் ஸ்நானகன் சொல்கிறார். துணி அலமாரியைத் திறக்க அதுவே நல்ல நாள். கொடுக்கிற துணியில் பட்டன் இருக்க வேண்டும், ஜிப் ஓட வேண்டும், துவைத்து மடித்திருக்க வேண்டும். நம் பிள்ளைக்குப் போடமாட்டோம் என்று நினைக்கிற சட்டையை யாருக்கும் அனுப்பாதீர்கள். 12-ஆம் தேதி களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான், 16-ஆம் தேதி ஐசுவரியவான் வாசலில் கிடந்த ஏழை லாசரு, 19-ஆம் தேதி தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்த சகேயு, 21-ஆம் தேதி இரண்டு காசு போட்ட விதவை.

இதில் வழக்கமாக எங்கே தடுமாறும் என்றால், முதல் நாளே. முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள். தேர்வுக்குப் படித்துக் களைத்த பிள்ளை பாதியில் தூங்கிவிடும். 38-ஆம் வசனம் வரை இரவிலும், மீதியை மறுநாள் காலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் அதிகாரத்தின் வம்ச வரலாற்றைத் தாண்டிவிடலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும், தட்டு கழுவப் போகுமுன் வாசியுங்கள். படுக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போட்டால் மூன்றாம் நாளே நின்றுபோகும். 24-ஆம் தேதி உயிர்த்தெழுதல் வரும். கிறிஸ்மஸுக்கு முந்தின இரவில் ஈஸ்டரா என்று பிள்ளை கேட்டால் கேட்கட்டும், நல்ல கேள்வி. விடியற்கால ஆராதனைக்குக் கிளம்புமுன் 2-ஆம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை மறுபடி வாசித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பிடி அரிசி: தினமும் சமைக்கிற அரிசியில் ஒரு பிடியைப் பிறருக்கென்று எடுத்துவைப்பது. திருநெல்வேலிச் சபைகளின் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள், இந்தியர் பணத்திலேயே ஊழியம் நடத்துவது என்று துணிந்தார்கள். காசு குறைந்த வீட்டிலும் கொடுக்க அரிசி உண்டு என்கிற பிடி அரிசியிலும் அதே துணிவுதான் இருக்கிறது. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து டின்னில் போட வேண்டும். பெரியவர் கைப்பிடி ஏறக்குறைய 40 முதல் 50 கிராம். 1-ஆம் தேதி தொடங்கினால் 22-ஆம் தேதிக்குள் ஒரு கிலோவை நெருங்கிவிடும்.

களைவதற்கு முன்பே, காய்ந்த கையால் எடுங்கள்; ஈரம் பட்டால் கட்டிதட்டும், பூசணம் பிடிக்கும். வண்டு வராமலிருக்க டின்னில் நன்றாகக் காய்ந்த வேப்பிலை நாலு கொத்து போதும். பச்சரிசியையும் புழுங்கலையும் கலக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேகாது. பச்சரிசி குழையும்போது புழுங்கல் விறைப்பாக நிற்கும். பள்ளியில் இரண்டு டிரம் தனித்தனியாக இருக்கும். ரேஷன் அரிசியும் அரிசிதான், தயங்காமல் அனுப்புங்கள். மறந்துபோய்க் கடைசி நாளில் கடையில் ஒரு கிலோ பாக்கெட் வாங்கி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதைவிட, நீங்களே எடுத்துவைத்த மூன்று பிடி போதும். தினமும் தன் சாப்பாட்டிலிருந்து எடுத்துவைப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறோம். சேரும் அரிசி முதியோர் இல்லத்துக்குப் போகும்.

புதுத்துணி எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் போவதும் குறைய வேண்டாம். தவணையில் வாங்கும் செல்போனைத்தான் யோசிக்கச் சொல்கிறோம். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்துக்கு அடியில் செயல்முறைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் பொடி எழுத்தில் இருக்கும். முதல் தவணை பொங்கல் செலவோடு வந்து நிற்கும். “பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்” என்று 12-ஆம் தேதி வாசித்துவிட்டு 13-ஆம் தேதி பில்லில் கையெழுத்துப் போட்டால், பிள்ளைக்கு எது மனதில் நிற்கும்?

ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்லியிருக்கிறோம். ஜனவரியில் பள்ளி திறந்ததும் “கிறிஸ்மஸுக்கு என்ன கிடைத்தது?” என்று யாரும் வகுப்பில் கேட்கக் கூடாது, கட்டுரைத் தலைப்பாகவும் கொடுக்கக் கூடாது.

பிற சமயப் பெற்றோருக்கு: வாசிப்பு உங்கள் வீட்டுக்கு உரியதல்ல. அரிசியும் துணியும் உங்கள் விருப்பம். கொடுக்காத பிள்ளையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

டிசம்பர் 22 காலை 9 மணிக்குள் அரிசியைத் துணிப்பையில் கட்டி அனுப்புங்கள். பச்சரிசியா புழுங்கலா என்று மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதினால் போதும். பிள்ளையின் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்