டூல்ஸ் வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இருநூறு சாமான் அடங்கிய அந்தப் பெட்டி அழகாகத்தான் இருக்கிறது, எல்லாம் பளபளவென்று அததன் குழியில் உட்கார்ந்திருக்கிறது, பார்த்தவுடன் கை துறுதுறுக்கும். ஆனால் வாங்காதே. அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார். இருநூறில் பெரும்பகுதி சின்னச் சின்னத் திருப்புளி முனைகள், அவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் இருநூறு ஆக்கியிருக்கிறார்கள். நட்டின்மேல் குப்பி போல மாட்டித் திருப்பும் சாக்கெட்டுகளில் பாதி அங்குல அளவு, உன் பைக்கில் அங்குல நட் எதுவும் கிடையாது. நீ தினமும் தேடப் போகிற 12 மி.மீ. ரிங் ஸ்பேனர் அதில் இல்லவே இல்லை.

நான் சொல்வது இதுதான். வண்டியில் ஒரு வேலை வரட்டும், அந்த வேலை எதைக் கேட்கிறதோ அதை வாங்கு, கையிலிருக்கும் காசுக்குக் கிடைப்பதில் நல்லதாகப் பார்த்து வாங்கு. அடுத்த வேலைக்கு அடுத்தது. இப்படிச் சேர்த்தால் பெட்டி நிறையக் கொஞ்ச காலம் ஆகும், ஆனால் அதில் நீ கை வைக்காத சாமான் என்று எதுவும் இருக்காது, ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று உனக்கே தெரியும்.

அதற்காக முதல் நாளே வெறுங்கையோடு வண்டி முன்னால் உட்கார முடியாது, சரி. தொடக்கத்துக்குச் சொல்கிறேன். சாக்கெட் மாட்டும் சதுரம் 3/8 அங்குலம் உள்ள ராட்செட் ஒன்று வாங்கு, நட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்புகிற பிடி அது. 1/4 அங்குலம் சின்ன நட்டுகளுக்கு, 1/2 அங்குலம் சக்கரம், ஆக்சில் மாதிரி முரட்டு இடங்களுக்கு. நடுவில் இருக்கும் 3/8 பைக்கில் முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும். ராட்செட் வாங்கும்போது உள்ளே எத்தனை பல் என்று கேள். 36 பல் என்றால் ஒரு சொடுக்குக்குப் பிடியை 10 டிகிரி நகர்த்த வேண்டும், 72 பல் என்றால் 5 டிகிரி போதும். பெட்ரோல் டாங்க்குக்கு அடியில் கையை நுழைத்து வேலை செய்யும்போது அந்த 5 டிகிரியின் அருமை தெரியும்.

சாக்கெட் 8, 10, 12, 14, 17, 19. நடுவில் 13-ஐக் காணோமே என்று நினைப்பாய். 8 மி.மீ. தண்டுள்ள போல்ட்டுக்கு ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் தலை 12 இருக்கும், ஐரோப்பிய வண்டிகளில் அதே போல்ட்டுக்குத் தலை 13. 10 மி.மீ. தண்டு என்றால் ஜப்பான் வண்டியில் 14, ஐரோப்பிய வண்டியில் 16 அல்லது 17. உன்னுடையது ஜப்பான் வண்டி, அதனால் 13 இப்போதைக்கு வேண்டாம். 10 மி.மீ. சாக்கெட்டை மட்டும் இரண்டாக வாங்கி வை. 6 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் அந்தத் தலைதான், வண்டி முழுக்க அதுதான் இறைந்து கிடக்கும், அடிக்கடி கையில் எடுப்பதும் அதுதான், அடிக்கடி காணாமல் போவதும் அதுதான்.

சாக்கெட்டைக் கையில் எடுத்து உள்ளே பார்த்து வாங்கு. சிலவற்றில் உள்ளே ஆறு மூலை இருக்கும், சிலவற்றில் பன்னிரண்டு. பன்னிரண்டு மூலை என்றால் எந்தப் பக்கம் வைத்தாலும் சட்டென்று மாட்டிக்கொள்ளும், அது ஒரு வசதி. ஆனால் அது நட்டின் மூலைக்குப் பக்கத்திலேயே பிடித்துத் திருப்புகிறது. ஆறு மூலை சாக்கெட் நட்டின் தட்டையான பக்கத்தில் அழுத்தம் கொடுக்கும். துருப்பிடித்து இறுகிய நட்டில் இந்த வித்தியாசம்தான் எல்லாமே. ஒரு தடவை மூலை தேய்ந்து நட் மொழுக்கென்று ஆகிவிட்டால், பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். நீ ஆறு மூலையே வாங்கு.

ஒரு காலத்தில் ஒவ்வொரு சாக்கெட்டும் அதன் பிடியோடு சேர்ந்தே வரும், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தனி ஸ்பேனர். 1920-இல் அமெரிக்காவில் ஸ்னாப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் ஜான்சன் 5 பிடி, 10 சாக்கெட் என்று பிரித்து, 5 பிடி 50 ஸ்பேனரின் வேலையைச் செய்யும் என்று சொல்லி விற்றார். இன்றைக்கும் கணக்கு அதுதான். ஒரு நல்ல ராட்செட், சாக்கெட் மாட்டும் பல்லில்லாத ஒரு நீளக் கம்பி, ஒரு சின்ன நீட்டிப்பு, ஒரு பெரிய நீட்டிப்பு, இவற்றோடு கொஞ்சம் சாக்கெட் இருந்தால் எங்கேயும் எட்டும். அந்த நீளக் கம்பியை மறந்துவிடாதே. இறுகிய நட்டை ராட்செட்டால் உடைத்துத் திறக்கப் பார்த்தால் உள்ளே இருக்கும் பல்தான் போகும். கம்பியால் இளக்கு, அப்புறம் ராட்செட்டால் கழற்று.

சாக்கெட் நுழையாத இடத்துக்கு, ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் திறந்த வாய் உள்ள ஸ்பேனர்கள் வேண்டும். திறந்த வாயைக் கவனித்துப் பார், பிடிக்கு நேராக இருக்காது, 15 டிகிரி சாய்ந்திருக்கும். இடமில்லாத மூலையில் கொஞ்சம் திருப்பியதும் ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மாட்டு, அடுத்த பிடி கிடைக்கும். இது தெரியாமல் பலபேர் ஸ்பேனரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசியாக இறுக்குவதும் முதலில் இளக்குவதும் எப்போதும் ரிங் பக்கத்தால்தான், திறந்த வாய் சுற்றிக் கழற்றுவதற்கு மட்டும்.

வாயைத் திருகிப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடிகிற ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று இருக்கட்டும். ஸ்வீடனின் யோஹான்சன் 1890-களில் காப்புரிமை வாங்கிய அந்த வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை, அவ்வளவு நல்ல யோசனை. ஆனால் அது இரண்டு பக்கம் மட்டுமே பிடிக்கிறது, வாயை நகர்த்தும் திருகில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. இறுகிய நட்டுக்கு அதை எடுக்காதே. எடுத்தே ஆகவேண்டும் என்றால், பாரம் அசையாத தாடையில் விழுகிற மாதிரி இழு.

இப்போது மிக முக்கியமான ஒன்று, திருப்புளி. உன் வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், கூட்டல் குறி போட்டது. பக்கத்தில் போய்ப் பார், அந்தக் கூட்டல் குறியின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால் அது ஜப்பான் தர ஸ்க்ரூ, ஜேஐஎஸ் என்பார்கள். நம் கையில் சாதாரணமாகக் கிடைப்பது பிலிப்ஸ் திருப்புளி, 1930-களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை எடுத்தது. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை அந்தக் குழியின் அடிவரை போய் உட்காராது, திருப்பினால் மேலே ஏறி வெளியே வரும், ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியைச் சுரண்டும், நாலாவது முறை அங்கே கூட்டல் குறி இருக்காது, வட்டக் குழிதான் இருக்கும். பழைய பைக்குகளில் நீ பார்க்கிற சிதைந்த ஸ்க்ரூ தலைகளில் பாதி இப்படித்தான் சிதைந்தவை. ஜேஐஎஸ் திருப்புளி இரண்டாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் வாங்கிவிடு, அது பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகவே உட்காரும். கழற்றும் முன் குழியில் இருக்கும் அழுக்கை ஊசியால் சுரண்டி எடு, திருப்புளியை வைத்துத் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டு, அப்புறம் உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டுத் திருப்பு. முக்கால் பங்கு அழுத்தம், கால் பங்கு திருப்பம்.

தாத்தாவின் ஸ்பேனர்களை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். உனக்குத்தான் அவை, அதில் மாற்றமே இல்லை, ஆனால் வண்டியில் போட்டுவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன். அவை 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த பிரிட்டிஷ் அளவுகள். அதில் 1/4 என்று பொறித்திருந்தால் வாயின் அகலம் 1/4 அங்குலம் இல்லை, போல்ட் தண்டின் கனம்தான் 1/4. வாய் 0.525 அங்குலம், அதாவது ஏறக்குறைய 13.3 மி.மீ. இருக்கும். 13 மி.மீ. நட்டில் அது மாட்டும், பொருந்திவிட்ட மாதிரியே இருக்கும், அந்த 0.3 மி.மீ. இடைவெளி நட்டின் மூலையைத் தின்றுவிடும். அவற்றில் துரு ஏறியிருக்கிறது. முலாம் பூசாத இரும்பு என்பதால் வெள்ளை வினிகரில் ஒரு இரவு ஊறவைத்துத் தேய்த்தால் வந்துவிடும். அப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். செய்து அனுப்புகிறேன். உன் மேசைக்கு மேலே மாட்டி வை, பழைய பிரிட்டிஷ் வண்டி ஏதாவது உன் கைக்கு வந்தால் அன்றைக்கு எடு.

எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை இரண்டாம் கட்டத்தில் வாங்கலாம், ஆனால் இஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் வாங்கியே ஆகவேண்டும். அலுமினியத்தில் இறங்கும் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், கைக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் மரை உரிந்து வந்துவிடும். உன் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் இருக்கிறது, அதைப் பார்த்து வை. டார்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றாதே. வேலை முடிந்ததும் அதன் அளவை மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வை, இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து பொய் சொல்லத் தொடங்கும்.

இனி அடுக்குவது. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, நீ வாதாடினாலும் மாற மாட்டேன். ஒரு சாமான் இருக்கிறதா என்பதைவிட, இல்லை என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். மூடி போட்ட பெட்டியில் குவித்து வைத்தால் அது தெரியாது. கெட்டியான ஸ்பாஞ்ச் பலகை வாங்கி, ஸ்பேனரை அதன்மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து, கத்தியால் வெட்டிக் குழி செய். மேலே கறுப்பு, அடியில் மஞ்சள் என்று இரண்டு அடுக்காக இருந்தால் காலியான குழி தானாகக் கண்ணில் அடிக்கும். விமானம் பழுது பார்க்கும் இடங்களில் இப்படித்தான் வைப்பார்கள், ஒரு ஸ்பேனர் இஞ்சினுக்குள்ளே மறந்துபோனால் அங்கே உயிர் போகும் என்பதால். உனக்கும் சாவியைத் திருப்புவதற்கு முன் குழிகளைப் பார்க்கிற பழக்கம் வரட்டும். யாராவது இரவல் வாங்கினால் அந்தக் குழியில் பெயர் எழுதிய சீட்டை வை.

ஸ்பேனர், சாக்கெட், திருப்புளி எல்லாம் வகைவாரியாக இருக்கட்டும், அளவு வரிசையில். மி.மீ. ஒரு பக்கம், அங்குலம் எப்போதாவது வந்தால் வேறு தட்டில், இரண்டையும் கலக்கவே கூடாது. ஆனால் சைக்கிள் சாமான் மட்டும் தனி உறையில் சுருட்டி வை, 4, 5, 6 மி.மீ. அலன் கீ, டிஸ்க் பிரேக் தட்டுக்கு டி25 என்ற நட்சத்திர முனை, பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர், டயர் கழற்றும் நெம்பு. பொழுதுபோக்கு வேலை என்றால் சட்டென்று கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்யவே தோன்றாது. (இடது பெடலின் மரை தலைகீழ், நினைவிருக்கட்டும், அதைக் கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும்.)

அரங்களை ஒன்றின்மேல் ஒன்று போடாதே, பற்கள் உரசி மழுங்கிவிடும். நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரும் சுத்தியலும் ஒரே தட்டில் இருக்கவே கூடாது. கழற்றி வைத்த பேட்டரி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்காதே, அந்த ஆவி இரும்பைத் தின்னும். வேலை முடிந்ததும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று, குறடுகளின் மூட்டில் எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய். இவ்வளவு போதும்.

தோழியின் காரையும் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாய். தாராளமாகச் செய். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதே, ஒரு நிமிட வேலையானாலும் சரி. ஸ்டாண்டு இரண்டு வாங்கி, கெட்டியான தரையில் வைத்து, காரை அதன்மேல் இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் போ. அந்த ஸ்டாண்டுகளை நானே வாங்கித் தருகிறேன், அதில் நீ கணக்குப் பார்க்க வேண்டாம்.

உன் பின் சக்கர ஆக்சில் நட் என்ன அளவு என்று அளந்து எழுது, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லாமல் இருக்கலாம், இரண்டையும் பார். ஸ்பார்க் பிளக்குக்கு 16 வேண்டுமா 18 வேண்டுமா என்றும் சொல். தாத்தாவின் ஸ்பேனர் பார்சலோடு அந்த அளவு சாக்கெட்டுகளையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா