செயினின் கூரும் ஒரு காப்புதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரம் அறுக்கும் மெஷினான செயின்சா வாங்க விரும்புவோருக்காகச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். எஞ்சினின் திறன், செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரின் நீளம், பெட்ரோலில் ஓடுவது நல்லதா பேட்டரியில் ஓடுவது நல்லதா என்பனவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கிய அந்தக் கட்டுரை, காப்புடைகளை விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள்களாக ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டது. செயின் மழுங்கினால் பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்துக்கொள்ளலாம் என்பதோடு பராமரிப்பையும் முடித்துவிட்டது. அதனுடன் வந்த படத்தில், ஏணிமேல் நிற்கும் ஒருவர் தலையில் ஒன்றுமில்லாமல், மெஷினைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கிளை அறுக்கிறார். 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மெஷினைக் கையில் பிடித்துப் பிழைப்பவன் நான். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் காப்புடையை ஓரிடத்திலும் செயினை வேறோரிடத்திலும் வைத்துப் பேசுகிறார். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றே. கூரான செயின் மரத்துக்குள் தானாகவே இறங்கும்; நாம் பிடித்துக்கொண்டால் போதும். மழுங்கிய செயினோ நம்மை அழுத்த வைக்கும், அழுத்துகிறவன் கால் ஊன்றிய நிலையை இழப்பான், நிலை இழந்தவனுக்குத்தான் காப்புடை தேவைப்படும்.

இதை நான் சொந்த உடம்பில் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, விழுந்து கிடந்த காய்ந்த மரம் ஒன்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது செயின் ஒருமுறை மண்ணில் உரசிவிட்டது. அப்போதே நிறுத்தி அரம் போட்டிருக்க வேண்டும். இன்னும் நான்கைந்து துண்டுகள்தானே என்று தொடர்ந்தேன். சீவல் சீவலாக விழுந்துகொண்டிருந்த இடத்தில் மாவு போன்ற தூள் பறக்கத் தொடங்கியது. வெட்டு ஒரு பக்கமாக வளைந்தது. லேசாகப் புகை மணமும் வந்தது. மெஷின் இத்தனை விதமாகச் சொல்லியும் கேட்காமல், என் உடம்பின் எடையைப் பின்கைப்பிடியின் மேல் போட்டு அழுத்தினேன். துண்டு சட்டென்று விட்டுப் பிரிந்தது. அழுத்திக்கொண்டிருந்த விசையோடு மெஷின் கீழிறங்கி, இடது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே தொடையில் வந்து பட்டது. மறுகணமே செயின் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், காப்புக் கால்சட்டையின் மேல்துணி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக இழைகள் உருவிக்கொண்டு மெஷினுக்குள் போயிருந்தன. மூடியைக் கழற்றியபோது அவை, செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டைச் சுற்றி நூற்கண்டு போல இறுகிக் கிடந்தன. ஊசிமூக்குக் குறடால் அவற்றைப் பிடுங்கியெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தொடையில் நகக்கீறல்கூட இல்லை.

அந்தக் கால்சட்டையைத் தடித்த துணி என்றே பலரும் நினைக்கிறார்கள். அது கேடயம் போலத் தடுப்பதில்லை. உள்ளே பல அடுக்குகளாகத் தளர்வாக வைக்கப்பட்டிருக்கும் நீண்ட இழைகளைச் செயினின் பற்களே இழுத்துக்கொண்டு போய், ஸ்பிராக்கெட்டில் அடைத்து, ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றன. முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டரும் அதற்கு மேலும் ஓடும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். இந்த உடைகளுக்கான ஐஎஸ்ஓ 11393 என்ற சர்வதேசத் தரநிலையில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சோதித்தது முதல் வகுப்பு, 24 மீட்டர் இரண்டாம் வகுப்பு, 28 மீட்டர் மூன்றாம் வகுப்பு. ஆகவே தன் மெஷினின் செயின் வேகத்தைத் தெரிந்துகொள்ளாமல் கால்சட்டை வாங்குவது பாதி வேலைதான். முன்பக்கம் மட்டும் காப்பு உள்ளவையும் உண்டு, காலைச் சுற்றிலும் காப்பு உள்ளவையும் உண்டு. எப்போதாவது மெஷினை எடுக்கிறவர்கள் சுற்றிலும் உள்ளதை வாங்குவதே நல்லது என்பேன், ஏனெனில் அவர்களுக்கு நிற்கும் முறை இன்னும் பழகியிருக்காது. சலவையிலும் கவனம் வேண்டும். பிளீச்சிங் பவுடரும் சூடான இஸ்திரிப் பெட்டியும் இழைகளைக் கெடுத்துவிடும். உருகி ஒட்டிக்கொண்ட இழை உருவி வராது. உள்ளடுக்கு வரை ஊசி ஏற்றித் தைத்தாலும் அதே கதிதான். ஒருமுறை செயின் வெட்டிய உடையைத் தைத்து மறுபடி அணியக் கூடாது. பேட்டரியிலும் மின்சாரத்திலும் ஓடும் மெஷின்களின் மோட்டார் குறைந்த வேகத்திலும் முழு முறுக்குவிசை தருவதால், இழைகள் அதை நிறுத்தாமலும் போகலாம். பேட்டரி மெஷின் சாதுவானது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

தலைக்கவசம், காதுக்கவசம், முகத்துக்கு வலை என மூன்றும் சேர்ந்த ஹெல்மெட்டைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஆனால் காதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பெட்ரோல் மெஷின் ஓட்டுபவரின் காதுக்கு 100 டெசிபலுக்கும் மேல் ஒலி வருகிறது. 8 மணி நேரம் கேட்கலாம் என்று வகுத்திருக்கும் வரம்பு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்ற கணக்குப்படி, 100 டெசிபலை 15 நிமிடம்தான் கேட்கலாம். தொடக்க காலத்தில் நான் காதில் ஒன்றும் போடாமல் வேலை செய்தேன். இன்று யாராவது இடது பக்கம் நின்று மெல்லப் பேசினால் எனக்கு விளங்குவதில்லை; போன செவித்திறன் திரும்பி வராது. முகவலை சீவலைத் தடுக்குமே தவிர நுண்தூளைத் தடுக்காது என்பதால், அதற்குள்ளே கண்ணாடியும் போட்டுக்கொள்வது என் வழக்கம். விரல்முனைக்கு இரும்புக் காப்பும் வெட்டுத் தாங்கும் மேற்பகுதியும் கொண்ட காலணி, பிடி வழுக்காத கையுறை ஆகியவை இல்லாமல் நான் மெஷினைத் தொடுவதில்லை.

இனி, உங்கள் படத்தில் இருந்தவர் எதிர்கொண்டிருந்த ஆபத்து. பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், மெஷின் ஓட்டுபவரின் முகத்தை நோக்கி மேலும் பின்னுமாகத் திருப்பி எறியப்படும். தொழிலில் இதைக் கிக்பேக் என்பார்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் இதைப் பார்த்துவிட்டு விலகலாம் என்று எவரும் எண்ணக் கூடாது. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்புத்தகடு கையில் பட்டோ, எறியப்படும் விசையாலோ சாய்ந்து செயின் பிரேக்கைப் பிடித்து நிறுத்துகிறது. முன்கைப்பிடியைப் பெருவிரலையும் சுற்றி வளைத்துப் பிடிப்பதும், தோளுக்கு மேலே மெஷினைத் தூக்காமல் இருப்பதும், ஏணிமேல் ஏறி அறுக்காமல் இருப்பதும் இதற்காகத்தான்.

கிக்பேக்குக்கும் அரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செயினில் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் மொட்டையாக ஒரு முனை நிற்கும். பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று அளந்து விடுவது அந்த முனைதான். பல்லைவிட அது ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பெரும்பாலான செயின்களுக்குச் சரியான அளவு. பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும். முனை அப்படியே நின்றுவிட்டால், பல் எவ்வளவு கூராக இருந்தாலும் தூள்தான் வரும். வேகமாக அறுக்கட்டும் என்று முனையை அளவுக்கு மேல் இறக்கினால் பல் ஆழமாகக் கவ்வி, கிக்பேக்குக்கு வழி செய்யும். பட்டறையில் கொடுத்த என் செயின் ஒன்று, பல் சூடேறி நீலம் பாய்ந்து, முனைகள் கண்ணளவில் ராவப்பட்டுத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து என் செயினை நானேதான் தீட்டுகிறேன்.

அது கடினமான வேலையும் அன்று. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியே செயினின் பிட்ச்; அரத்தின் அளவு அதைப் பொறுத்தது. 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரமும், சிறிய மெஷின்களில் வரும் உயரம் குறைந்த 3/8 அங்குலச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரமும் பொருந்தும். எஞ்சினை அணைத்து, பாரை இடுக்கியில் பிடித்து, அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரியுமாறு வைத்து, பல்லின் மேல் பொறித்திருக்கும் கோட்டுக்கு இணையாக, பெரும்பாலும் 30 பாகையில், உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். திரும்பி இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்திருக்கும். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டுப்புழு ஒன்று தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைக் குடைந்து போவதைப் பார்த்து அமைத்த வடிவம் அது. ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டும் மறுபக்கத்துப் பற்கள் குட்டையாகவும் இருந்தால் வெட்டு வளையும்; ஆகவே இருப்பதிலேயே குட்டையான பல்லை அளவாக வைத்து மற்றவற்றை அதற்குக் கொண்டுவர வேண்டும். போதுமா என்று எப்படித் தெரியும்? பல்லின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய விளிம்பு மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். அந்தக் கோடு மறையும் வரை தீட்டினால் போதும்.

மற்றவை சுருக்கம். செயின் ஆறியிருக்கும்போது, பாரின் நுனியைத் தூக்கிப் பிடித்து இறுக்கம் வைக்க வேண்டும். பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமலும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓடியும் இருந்தால் சரி. சூட்டில் நீண்ட செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும்; ஆறும்போது அது சுருங்கிப் பாரையும் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாப்டையும் இழுக்கும். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை வெளிர்நிறப் பலகை ஒன்றுக்குச் சற்று மேலே, படாமல் பிடித்து ஓட்டினால் அதன்மேல் எண்ணெய்க் கோடு விழும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உலோகத் துகள் இருக்கும், செயினில் ஒட்டி நிற்கவும் செய்யாது, தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். ஒவ்வொரு தீட்டலின்போதும் பாரின் பள்ளத்தைச் சுரண்டித் தூய்மை செய்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு பக்கமும் சமமாகத் தேயும்.

செயின் தீட்டும் முறையைப் படங்களோடு ஓர் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று இழை உருவிய அந்தக் கால்சட்டையை நான் எறியாமல் வைத்திருக்கிறேன். ஏணிமேல் நிற்பவரின் படத்துக்குப் பதிலாக அதைப் படமெடுத்துப் போடுவதாக இருந்தால், அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மரம் அறுக்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்