அந்தத் தீவின் வானம் நீலம்தான், அப்பா

லீட்ஸ், இங்கிலாந்து
8.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லாரும் நலமா? உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபப்படாதீர்கள். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அம்மா நடுவில் நின்று நான் சொல்வதை உங்களிடம் சொல்வதற்குள் தான் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிடுகிறாள். அதனால் முதியோர் இல்லத்து நைட் டியூட்டியில் தாத்தா பாட்டிமார்களைத் தூங்க வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்கீஸை இடிக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் படம் ஓட்டிய மெஷினை எடைக்குப் போடுவதாக முதலாளி மகன் சொன்னார் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் மாமரத்துக்கு மருந்தடித்ததைச் சொல்லிவிட்டீர்கள். நடுவில் விட்டது என்னவென்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நாலு மணிக்கெல்லாம் இருட்டு. ஹீட்டர் இருக்கிறது, ஆனால் போடுவதில்லை. எனக்கு அந்தக் காற்று ஒத்துக்கொள்வதில்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டால் போதுமானதாக இருக்கிறது. ரூம் மாறிவிட்டேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். இது சின்ன ரூம், கூட்டித் துடைக்கச் சுலபம், அதுதான் காரணம். அம்மா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டை இங்கே வந்த முதல் வாரம் வறுத்தேன். கூரையில் புகைக்கு அலறுகிற பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள், அது தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தோடு ஓடிவந்து அதன் பொத்தானைக் குத்தி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, என்ன மீன் என்று கேட்டு, நின்றபடியே நாலு எடுத்துத் தின்றார். அப்படித்தான் பழக்கம்.

அவரைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் எழுத வேண்டும். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், தனி ஆள். இந்தக் குளிரில் அரைக்கால் டவுசரோடு குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போவார். கிச்சன் சுவரில், காலண்டர் மாட்டுகிற ஆணியில், சங்கிலி கோத்த இரட்டைக் கட்டை தொங்குகிறது. ஆமாம், புரூஸ் லீ சுழற்றுவாரே, அதேதான்! என்டர் தி டிராகன் இங்கே வந்தபோது பெரியவர்களுக்கு மட்டும் என்று சர்டிபிகேட்டாம். பதினைந்து வயதில் அண்ணனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு டிக்கெட் கொடுப்பவரை ஏமாற்றி உள்ளே போயிருக்கிறார். அப்பா ஆபரேட்டர், நானே அந்தப் படத்தை ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்தவள் என்று சொன்ன நாளிலிருந்து என்னை அவர் நடத்தும் மரியாதையே வேறு. பழைய படங்களைச் சுத்தம் செய்து திரும்ப ஓட்டுகிறார்கள், தன்னிடம் ஒரு டிக்கெட் அதிகம் இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் போனது என்டர் தி டிராகனுக்குத்தான். நம்மூருக்கு எத்தனை தடவை வந்ததோ, நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த அந்தப் படம் முழுக்கச் சிவப்பு. முகம் சிவப்பு, கடல் சிவப்பு, அந்தத் தீவுக்கு மேலே வானமும் செம்மண் நிறம். வில்லன் ஊர் என்பதால் வானத்தை அப்படி வைத்திருக்கிறார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். இங்கே திரை விரிந்ததும் பார்த்தால் வானம் நீலம்! புல் பச்சை. வரிசையாக நின்று பயிற்சி செய்கிறவர்களின் உடுப்பு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. நெகட்டிவ் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கலர் பிரிண்ட் பழசானால் நீலச் சாயம் முதலில் வெளுத்துப்போய் சிவப்பு மட்டும் தங்கும் என்று நீங்கள் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போதுதான் புரிந்தது. நம்மூர்க்காரர்கள் சிவப்பு வானத்தின் கீழேயே அந்தச் சண்டையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறோம்.

கடைசியில் கண்ணாடி ரூமில் சண்டை வரும் இல்லையா, அதில் புரூஸ் லீயின் நெஞ்சில் இருக்கிற நகக்கீறல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. எந்த உருவம் நிஜம், எது பிம்பம் என்று நமக்கே குழம்புகிறது. நம் பிரிண்டில் அங்கே எப்போதும் கீறல்கள் மழையாகப் பெய்யும், அதனால் குழம்ப வழியே இல்லை. படம் வெளியாகும் முன்பே, 1973 ஜூலையில், 32 வயதில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று. இந்த ஊர் சென்சார், பையன்கள் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று அந்த இரட்டைக் கட்டைச் சண்டையைப் பல வருடம் வெட்டியே வைத்திருந்ததாம். நம்மூரில் விசிலுக்கு மதித்து நீங்கள் அந்த ரீலைத் திருப்பி இன்னொரு தடவை ஓட்டினதைச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் நம்பவே இல்லை. ஆபரேட்டரே படத்தை நிறுத்தித் திருப்பிப் போடுவாரா என்று இன்றுவரை கேட்கிறார். நீங்கள் எழுதுகிற அடுத்த கடிதத்தில் அதற்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், காட்ட வேண்டும்.

அவருக்கு இந்தச் சுத்தம் செய்கிற வேலையில் ஒரு குறை. கீறலும் புள்ளியும் இருந்தால்தான் பழைய படம் பார்த்த மாதிரி இருக்கும் என்கிறார். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கீறல் எங்கிருந்து வந்தது? மதுரையில் ஓடி, திண்டுக்கல்லில் ஓடி, தேனியில் ஓடி, ஓரத்துப் பல் ஓட்டைகள் கிழிந்து, ஒட்டுப் போட்டு, கடைசியில்தானே பெட்டி நம்மூருக்கு வரும்? ஊரெல்லாம் தின்ற மிச்சம் அது. ராத்திரி செகண்ட் ஷோ முடிந்து, ரீவைண்டிங் டேபிளில் உட்கார்ந்து, பிலிம் சிமென்ட் வாசனையோடு நீங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவளுக்குக் கீறல் அழகாகத் தெரியாது. பாதிப் படத்தில் கார்பன் குச்சி தீர்ந்து வெளிச்சம் மங்கினால், உங்களையும் பாட்டியையும் சேர்த்துத் திட்டியவர்கள் யாரும் அதை அழகு என்று சொல்லவில்லையே. ஆனால் ஒன்று, சிலர் சுத்தம் செய்கிறேன் என்று முகத்தில் இருக்கிற சுருக்கம், பிலிமுக்கே உரிய அந்த மணல்மணலான தன்மை எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடுகிறார்கள். ஆள் மெழுகுப் பொம்மையாகிவிடுகிறான். அதையும் இங்கே வந்து பார்த்தேன், அது எனக்கும் பிடிக்கவில்லை.

அப்புறம் செவன் சாமுராய். ஜப்பான் படம், அகிரா குரோசவா எடுத்தது, 1954. இந்த வருடம் 70 வயது என்பதால் 4கே-யில் புதுசாக்கி விட்டிருக்கிறார்கள். 207 நிமிடம்! உங்கள் கணக்கில் 18,600 அடிக்கு மேல், ஆயிரம் அடி ரீல் என்றால் 19 ரீல். விநாடிக்கு 24 பிரேம், மொத்தம் ஏறக்குறைய 2,98,000 படங்களைச் சுத்தம் பார்த்திருக்கிறார்கள். இது பெட்டியில் வரவில்லை, சின்ன டிபன் பாக்ஸ் அளவு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடுகிறது. ரீல் மாற்ற வேண்டியதில்லை என்று தெரிந்தும் என் கண் வலது மேல் மூலைக்கே போய்க்கொண்டிருந்தது. ரீல் முடியப்போகும்போது அங்கே புள்ளி வருமே, முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டாரைப் போடு, இரண்டாவது புள்ளிக்கு அந்த மெஷினுக்கு மாற்று என்று நீங்கள் பழக்கியது. அந்தப் புள்ளிகளையும் துடைத்துவிட்டார்கள். அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதைப் பார்த்த தியேட்டரைத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும். ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ், 1914-இல் திறந்தது. செங்கல் வீடுகள் வரிசையாக இருக்கிற தெருமுனையில் நிற்கிறது. உள்ளே இன்றைக்கும் காஸ் விளக்கு எரிகிறது! இருட்டில் யாரும் சேட்டை செய்யக் கூடாது என்று அந்தக் காலத்தில் படம் ஓடும்போதும் சின்னதாக எரியவிடுவார்களாம். நம் டாக்கீஸில் டார்ச் லைட்டோடு சுற்றுவாரே தாத்தா, அவர் வேலையை இங்கே விளக்கே பார்த்திருக்கிறது. புதுப்பிக்கிற வேலைக்காகக் கொஞ்ச காலம் மூடி வைத்திருந்து 2023-இல் திறந்தார்களாம், இடிக்கவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கொள்ளைக்காரர்கள் அறுவடைக்கு வருவார்கள் என்று பயந்த கிராமத்தார், கூலிக்கு ஏழு வீரர்களைக் கூட்டிவருகிறார்கள். ஷோலேயில் தாக்கூர் இரண்டு பேரைக் கூட்டிவருகிறாரே, அதற்கெல்லாம் மூலம் இதுதான். பணம் கிடையாது, கூலி சோறு. நெல்லுச் சோற்றை வீரர்களுக்குப் போட்டுவிட்டு ஊர்க்காரர்கள் சிறுதானியம் தின்கிறார்கள். அப்பத்தா காலத்தில் விருந்தாளிக்கு நெல்லுச் சோறு, நமக்குச் சோளக்கூழ் என்று சொல்வீர்களே, ஏழை வீட்டுக் கணக்கு எங்கேயும் ஒன்றுதான் போல.

சண்டை எப்படியென்றால், யாரும் பறக்கவில்லை. சேற்றில் வழுக்கி விழுகிறார்கள், குதிரை வழுக்குகிறது, பயந்து அலறிக்கொண்டு மூங்கில் ஈட்டியால் குத்துகிறார்கள். கடைசிச் சண்டை கொட்டுகிற மழையில். அதைப் பனிக்காலத்தில், பிப்ரவரியில் எடுத்தார்களாம். தொஷிரோ மிபுனே என்கிற நடிகர் வெறுந்தொடையோடு சேற்றில் நிற்கிறார். பார்க்கிற எனக்கே கால் விறைத்தது. பல கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்ததால் அடி எங்கே விழுகிறது, யார் எங்கே நிற்கிறார் என்று ஒரு இடத்தில்கூடக் குழப்பமில்லை. இன்றைய படங்களில் கண் சிமிட்டுவதற்குள் மூன்று ஷாட் மாறுகிறது, யார் யாரை அடித்தார் என்று வீட்டுக்கு வந்துதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. படத்திலேயே இன்டர்வெல் உண்டு. வெளியே வந்து கையோடு கொண்டுபோன வறுத்த கடலையைக் கீழ்வீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். இரண்டாம் பாதியில் அவர் கொஞ்சம் தூங்கினார்.

சண்டை முடிந்த பிறகு ஒரு காட்சி. கொள்ளைக்காரர்கள் எல்லாரும் செத்தாயிற்று. வீரர்களில் நாலு பேர் மேட்டில் புதைந்துகிடக்கிறார்கள். கீழே வயலில் நடவு நடக்கிறது. மேளம் அடிக்கிறார்கள், ஆம்பளைகள் பாடுகிறார்கள், பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்றை ஊன்றிக்கொண்டே பின்னால் வருகிறார்கள். அப்பா, அம்மா அப்படித்தானே குனிவாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, இடது கையில் நாற்று முடி, வலது கை தண்ணீருக்குள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் இல்லை, விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கூல் விட்டு வந்து வரப்பில் உட்கார்ந்து அவள் கரையேறக் காத்திருக்கிற மாதிரியே இருந்தது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். படம் பார்த்தேன், நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

சரி, மெஷின் விஷயம். வாங்குங்கள். இரண்டு மெஷினும் வேண்டாம், வலது பக்கத்து மெஷினை மட்டும் வாங்குங்கள், அதற்குத்தான் லென்ஸ் நன்றாக இருக்கும் என்பீர்கள். எடைக்குப் போடுகிற விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் எண்ணெய் போட்டவர் நீங்கள், முதலாளி மகனிடம் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எங்கே வைப்பது என்று அம்மா சத்தம் போடுவாள். மாட்டுக்கொட்டகை காலியாகத்தானே கிடக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். பணம் நான் அனுப்புகிறேன். இந்த மாதம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும். கிறிஸ்துமஸ் என்பதால் இங்கே எல்லாம் லீவு, வேறொன்றும் இல்லை. ஓவர்டைம் கேட்டதும் கொடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். வீட்டில் சும்மா இருந்தால் பொழுது போகாது.

தம்பியிடம் சொல்லுங்கள், மதினியின் நகையைத் திருப்புகிற தேதி தை மாதம்தான், அதற்குள் நான் அனுப்புவதை எடுத்து வண்டிக்கு டயர் மாற்றிவிட வேண்டாம். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. வட்டி மட்டுமாவது கட்டி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். சித்தப்பா பட்டாவில் பெயர் மாற்றக் கையெழுத்துக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வாய்க்கால் பக்கத்து அரைக் குழி யாருக்கு என்று எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் நல்லவர்தான், அவருடைய மருமகனை எனக்குத் தெரியாது. வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷனைப் பொங்கலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பொங்கல் போகட்டும், நடவு போகட்டும் என்று அவள் தள்ளிக்கொண்டே போவாள். சர்க்கரை குறைந்தால்தான் செய்வார்கள், ராத்திரிச் சோற்றை நிறுத்தச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். சின்னவளுக்கு வளைகாப்புக்கு என்னால் வர முடியாது. பச்சைக் கண்ணாடி வளையல் என் கணக்கில் இரண்டு டஜன் வாங்கிப் போடுங்கள். வாங்கிய விலையைக் கடிதத்தில் எழுதுங்கள், அம்மாவிடம் கேட்டால் குறைத்துத்தான் சொல்வாள்.

மணி அடிக்கிறது, பத்தாம் நம்பர் ரூம் பாட்டி.

உங்கள்
பெரியவள்