நெல்லைக் காய வைத்தது நான், பணம் ஏறியது யார் கணக்கில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் மூன்றரை ஏக்கரில் நெல் போடுகிறோம். 'போடுகிறோம்' என்றேனே தவிர, என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் ஏழு வருடமாகிறது, நாற்று விடுவதிலிருந்து அறுவடை வண்டிக்காரரிடம் மணிக்கு எவ்வளவு என்று பேசுவது வரைக்கும் நானும் மாமியாரும்தான். மெஷின் வந்தாச்சே, வீட்டு ஆள் எதற்கு என்கிறார்கள். அறுப்பு மெஷினுக்குப் போனது சரி, ராத்திரி மடை மாற்றவும் எலி வளை அடைக்கவும் கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகுமா?

இந்தக் குறுவைக்குக் கொள்முதல் நிலையத்தில் ஐந்து ராத்திரி நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். வெயில் தலைகாட்டினால் விரித்துக் காலால் கிளறிவிட வேண்டும், மேகம் கூடினால் ஓடிப்போய்க் கூட்டித் தார்ப்பாய் போட வேண்டும். கடைசியில் பணம் சின்ன மாமனார் கணக்கில் ஏறியது, ஏனென்றால் கூட்டுப் பட்டாவில் முதல் பெயர் அவருடையது. நல்ல மனுஷன், மறுநாளே எடுத்துக் கொடுத்துவிட்டார், அது வேறு விஷயம். மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடா வருடம் தரும் பி.எம். கிசான் 6,000 ரூபாயும் பட்டாவில் பெயர் உள்ளவருக்குத்தான்.

1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுக்கவும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வயலில் நிற்பது மருமகள். எங்கள் அப்பா நிலத்தில் என் பங்கைக் கல்யாணம் முடிந்த ஆறாம் மாதமே அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று (கொடுக்காவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு பிறந்த வீட்டுப் படியேறுவது?). இங்கே என் பெயரில் ஒரு சென்ட் கிடையாது.

நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் இருந்தபோது பெண் விவசாயிகளுக்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி, பயிர் செய்கிற பெண்ணுக்கு விவசாயி என்று சான்றிதழ் தர வேண்டும் என்றது அது. அரசு கொண்டுவராமல் ஒரு உறுப்பினர் தானாகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா, காலாவதியாகிவிட்டது. அவ்வளவு பெரிதாக நான் கேட்கவில்லை. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதுகிற அடங்கலில் சாகுபடி செய்கிறவர் என்று என் பெயரை எழுதி, அதை வைத்து என் கணக்கில் நெல் பணம் போட்டால் போதும்.

போன வாரம் அடங்கல் வாங்கப் போன இடத்தில் இதைக் கேட்டும் பார்த்தேன். "வீட்டுக்காரர் வந்தா வரச் சொல்லுங்கம்மா, பேசிக்கலாம்" என்றார்கள். அவர் தீபாவளிக்குத்தான் வருவார்.

ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம்