அண்ணிக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணி,

"கட்டி இருப்பது மார்பில். அதை எடுத்துவிட்டு வயிற்றுச் சதையை வைத்துப் புது மார்பு செய்யப் போகிறார்கள். நடுவில் கம்மங்கூட்டில் எதற்குக் கத்தி?" என்று போனில் கேட்டீர்கள். அண்ணன் பக்கத்திலேயே இருந்ததால் அரைகுறையாகச் சொல்லி வைத்துவிட்டேன். இதையே கேட்கும் பெண்கள் நிறையப் பேர் இருப்பதால், நீங்கள் சரியென்ற தைரியத்தில், பொதுவிலேயே எழுதுகிறேன். நான் கத்தி பிடிப்பவள் இல்லை. தியேட்டரிலிருந்து வரும் சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள். என் நாற்காலியிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் இல்லையா? மார்பின் நிணநீருக்கும் அப்படித்தான், பெரும்பகுதி கம்மங்கூட்டில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கு, அதாவது நெறி கட்டும்போது வீங்குகிற சின்ன உருண்டைகளுக்கு, வடிகிறது. புற்றுச் செல்கள் கிளம்பினால் முதலில் சிக்குவது அங்கே வாசலில் இருக்கும் ஒன்றிரண்டு முடிச்சுகளில். முன்பெல்லாம் எல்லாருக்கும் கம்மங்கூட்டையே வழித்தெடுத்தார்கள். அப்படி எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிப்போகும், வளையல்கூட ஏறாது. 1990-களில் அமெரிக்காவில் அர்மாண்டோ ஜூலியானோ மார்பில் ஊசியாகப் போட்ட நீலச் சாயத்தாலும், டேவிட் கிராக் அதேபோலப் போட்ட கதிரியக்க மருந்தாலும் அந்த முதல் முடிச்சைத் தேடிப் பிடிக்கும் வழியைக் காட்டினார்கள். மிலன் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசியின் குழு 516 பெண்களிடம் பழைய முறையையும் புதியதையும் ஒப்பிட்டு 2003-இல் முடிவை வெளியிட்டது. முதல் முடிச்சு சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

உங்களுக்கும் அதைத்தான் செய்யப் போகிறார்கள். மார்பை எடுத்த பிறகு இதைச் செய்ய முடியாது, சாயம் ஓட வழியே இருக்காதே. அதனால்தான் ஒரே மயக்கத்தில் எல்லாம். மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் நர்ஸைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டாதீர்கள், அது ஊசியில் போட்ட நீலச் சாயம், மெத்திலீன் ப்ளூ.

இனி என் வேலை. முடிச்சு வந்ததும் உறைய வைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றிப் பார்ப்போம். அரைமணி நேரத்துக்குள் தியேட்டருக்குப் பதில் போய்விடும். இதுதான் ஃப்ரோஸன் செக்‌ஷன். அண்ணனிடம் அழுத்திச் சொல்லி வையுங்கள்: அந்தப் பதில் கடைசிப் பதில் இல்லை. உறைந்த சதையில் பெரிய புற்றுப் படிவு பெரும்பாலும் தப்பாது. இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது தப்பலாம். மீதியை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, நிதானமாகப் பார்த்துச் சொல்லச் சில நாள் ஆகும். "நெகட்டிவ்" என்று தியேட்டர் வாசலில் கேட்டுவிட்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்ட குடும்பங்கள், நாலைந்து நாள் கழித்து வேறு பதில் வரும்போது உடைந்துபோகின்றன.

முடிச்சின் பதில் புது மார்பையும் பாதிக்கும். முடிச்சில் நோய் இருந்தால் ரேடியேஷன் தேவைப்படலாம். சிலிகான் இம்ப்ளாண்ட் வைத்த இடத்தில் ரேடியேஷன் பட்டால் சுற்றிலும் தழும்பு இறுகி மார்பு கல்லாகிவிடும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தச் சதை அதைவிடத் தாங்கும், ஆனாலும் சுருங்கலாம். அதனால் சில டாக்டர்கள் முடிச்சை மட்டும் முதலில் தனியாக எடுத்துப் பார்க்கிறார்கள். சிலர் தற்காலிகமாக எக்ஸ்பாண்டர் என்ற, தோலை மெல்ல விரிக்கும் பையை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "டேபிளில் பாசிட்டிவ் என்று வந்தால் அன்றைக்கே ஃப்ளாப், அதாவது வயிற்றுச் சதை, வைப்பீர்களா, தள்ளிப் போடுவீர்களா? கம்மங்கூட்டை முழுக்க எடுப்பீர்களா?" ஒன்றிரண்டு முடிச்சில் மட்டும் இருந்தால் முழுக்க எடுப்பதற்குப் பதில் அங்கே ரேடியேஷன் கொடுக்கலாம் என்று 2014-இல் வெளியான அமரோஸ் ஆய்வு காட்டியது. கை வீக்கமும் அதில் குறைவு. உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது அண்ணனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதைவிட இப்போதே பேசிவிடுவது மேல்.

இன்னொன்று, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வயிற்றுச் சதைக்கு ரத்தம் வேண்டுமே, அதன் குழாயை நடுநெஞ்செலும்பை ஒட்டி ஓடும் குழாயோடு தைப்பார்கள். பெரும்பாலும் மூன்றாவது விலா எலும்புப் பக்கம் திறப்பார்கள். அந்தக் குழாயை ஒட்டியும் நிணநீர் முடிச்சுகள் உண்டு. பிளாஸ்டிக் சர்ஜன் கண்ணில் ஒன்று பட்டால் எடுத்து எங்களுக்கு அனுப்பலாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்துவிட்டால் நோயின் நிலையும் ரேடியேஷன் கொடுக்கும் இடமும் மாறும். கண்ணில் பட்டதை அனுப்ப வேண்டும் என்பதுதான் என் கட்சி. அனுப்புவார்களா என்று அதையும் கேட்டு வையுங்கள்.

"இந்த வயசில் அழகு எதுக்கு?" என்று பெரியம்மா சொன்னாராம். விடுங்கள். ஜாக்கெட் போடப் போவது நீங்கள்.

பைனல் ரிப்போர்ட் வந்ததும் முழுப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புங்கள், கடைசி வரியை மட்டும் அல்ல. எத்தனை முடிச்சு எடுத்தார்கள், எத்தனையில் நோய், எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் நடுவில்தான் இருக்கும். வேறு இடத்தில் காட்ட நேர்ந்தால் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்பார்கள். அவற்றை எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். அந்த வேலையை அண்ணன் தலையில் கட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்