‘பதில்’ தலைமைக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பதில் தலைவர், பதில் பொதுச் செயலாளர், மத்திய குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

உங்களில் யாருக்கும் என்னைப் பெயர் சொல்லித் தெரிந்திருக்க நியாயமில்லை. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் ஒரு சின்னக் கிளையில் இருக்கிறேன். தேர்தல் வந்தால் நோட்டீஸ் கட்டைச் சைக்கிள் கரியரில் இறுக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிற கூட்டம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஒருவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை, அதனால் கட்சித் தலைவர் தெரிவில் வந்த பிளவைப் பற்றி எழுதுகிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர். நாடாளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் நாலைந்து நாள். மழை விட்டும் விடாத ஒரு பின்னேரம் ஒரு படலையைத் தட்டினோம். வெளியே வந்த ஆச்சிக்கு எண்பது வயதிருக்கும், கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா (செல்வநாயகம்) காலத்து மனுசி. நான் வழக்கம்போல எங்கள் சின்னத்தைச் சொல்லி, “வீட்டுக்குப் போடுங்கோ ஆச்சி” என்றேன். அவ நோட்டீஸை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டா: “எந்த வீட்டுக்குத் தம்பி? சிறீதரன்ர வீட்டுக்கோ, சுமந்திரன்ர வீட்டுக்கோ?”

என்னோடு வந்த பெடியன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே கட்சிக்குள் எதிரெதிரே நின்ற இரண்டு தலைவர்கள் அவர்கள். ஆச்சி பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டா. அந்தக் கேள்விக்கு என்னிடமும் விடை இருக்கவில்லை.

பிறகு வந்த முடிவு உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஜனாதிபதி அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்கு, எங்களுக்கு 63,327. ஆறு ஆசனங்களில் மூன்று அவர்களின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போக, வீட்டுக்குக் கிடைத்தது ஒன்று. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலாவதாக வரும் என்று அதற்கு முந்தின வருடம் யாராவது சொல்லியிருந்தால் எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அடிபாடே வந்திருக்கும்.

“அது அநுர அலை” என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். சரி, அலைதான். அதே அலை மட்டக்களப்பிலும் அடித்ததுதானே? அங்கே வீட்டுக்கு 96,975 வாக்கு விழுந்தது, ஐந்தில் மூன்று ஆசனம் கிடைத்தது. மட்டக்களப்பின் கணக்கு வேறு, அங்குள்ள சனத்தின் பயமும் தேவையும் வேறு, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கே படலையில் நின்ற யாரிடமும் எந்த வீடு என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கதைக்க வந்தது தோல்வியைப் பற்றி இல்லை. தோல்வி எங்களுக்குப் பழக்கம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக நின்றபோது 2004இல் 22 ஆசனம், 2010இல் 14, 2015இல் 16, 2020இல் 10, கடைசியாகத் தனியே நின்று 8. ஏறியும் இறங்கியும்தான் வந்திருக்கிறோம். நான் கதைக்க வந்தது 2024 ஜனவரி 21 பற்றி.

அன்றைக்குத் திருகோணமலையில் பொதுச்சபை கூடித் தலைவரைத் தெரிவுசெய்தது. கட்சித் தலைவரை வாக்குப் போட்டுத் தெரிவது எங்களுக்குப் புதுசு. அதுவரை மேலே கதைத்து முடித்துக் கீழே அறிவிப்பார்கள், நாங்கள் மாலை வாங்கப் போவோம். இந்த முறை பெட்டி வைத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து பொதுச்சபைக்குப் போன ஒருவர், விடிய நாலு மணிக்கு எழும்பி, வேட்டியைத் தோய்த்து ஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பொம்பிளை பார்க்கப் போகிற மாதிரிப் போகிறார் என்று பகிடி பண்ணினோம். சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. இரவு திரும்பி வந்தவர், தான் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. “எழுபத்தைஞ்சு வருசத்தில இப்பதான்ரா எங்களைக் கேட்டவங்கள்” என்றார்.

வென்றவரும் தோற்றவரும் அன்றைக்கு ஒன்றாக நின்று கதைத்ததைப் பார்த்து நாங்களும் நம்பினோம். அந்த நம்பிக்கை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பொதுச் செயலாளர் தெரிவில் முரண்பாடு. மாநாடு தள்ளிப்போனது. பெப்ரவரியில் விஷயம் நீதிமன்றம் ஏறியது, மாநாட்டுக்குத் தடை உத்தரவு வந்தது. யாப்பின்படி தெரிவு நடந்ததா இல்லையா என்பது வழக்கு. யாப்பு மீறப்பட்டிருந்தால் நீதிமன்றம் சொல்லட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது வேறு. பொதுச்சபையில் யாருக்கு வாக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பெட்டியை வைப்பதற்கு முதலே தெரிந்திருக்க வேண்டாமா? மத்திய குழுவில் எத்தனை சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள்! 321 பேர் வரிசையில் நின்று வாக்குப் போட்டு முடிந்த பிறகுதானா யாப்பைத் திறந்து பார்ப்பது?

(இடையில் ஒன்று. இந்தக் கட்சி இரண்டாம் முறை உயிர்த்ததே ஒரு வழக்கினால்தான். 2004இல், கூட்டமைப்பு அதுவரை கேட்ட உதயசூரியன் சின்னம் வழக்கில் சிக்கியபடியால், பல வருடம் படுத்துக் கிடந்த தமிழரசுக் கட்சியையும் வீட்டையும் தட்டி எழுப்பினார்கள். அதனால்தானோ என்னவோ, எங்களுக்கு நீதிமன்றம் ராசி என்று மேலே யாரோ நினைத்துவிட்டார்கள்.)

விளைவு என்ன? தெரிவான தலைவர் பதவியில் அமரவில்லை. அதுவரை தலைவராக இருந்த மாவை சேனாதிராஜா ஐயாவின் கடைசி மாதங்கள், அவர் தலைவரா இல்லையா, விலகினாரா விலகவில்லையா என்ற இழுபறியிலேயே கழிந்தன. 2025 ஜனவரி 29 அவர் கண்ணை மூடினார். மூத்த தலைவர் சம்பந்தன் ஐயா அதற்கு ஏழு மாதம் முதலே போய்விட்டார். அறுபதுகளில் தொடங்கிச் சிறைக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாவை ஐயாவைக் கடைசிக் காலத்தில் ஒரு விலகல் கடிதத்தின் வரியை வைத்து மத்திய குழுவில் விவாதித்ததை நாங்கள் பேப்பரில் வாசித்தோம். அது எங்களுக்கு நொந்தது.

இன்றைக்கு எங்களிடம் இருப்பது, நிரந்தரமானவர் வரும்வரை இடத்தை நிரப்பும் பதில் தலைவர், பதில் பொதுச் செயலாளர். தமிழ் எவ்வளவு பொல்லாத மொழி பாருங்கள். பதில் என்று பெயரிலேயே இருக்கிறது, கேட்டதற்கு மட்டும் கிடையாது.

ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டெம்பர் 1 வவுனியாவில் மத்திய குழு கூடி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்தது. அதே நேரம் களத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் எங்கள் கட்சிக்காரர், மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். பொதுச்சபை தெரிவுசெய்த தலைவரே அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு நின்றார். மத்திய குழு சஜித்தின் டெலிபோன் சின்னத்துக்கு நின்றது. எங்கள் கிளையில் கூட்டம் கூடி, என்ன செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கடைசியில் வடையும் பிளேன்ரீயும் குடித்துவிட்டுக் கலைந்தோம். அரியநேத்திரனுக்கு விழுந்தது 226,343 வாக்கு. யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கும் அவருக்கும் இடையில் சில ஆயிரம்தான் வித்தியாசம். எங்கள் சனத்தைச் சரிபாதியாகப் பிளந்து காட்டிய கணக்கு அது. எந்த முடிவு சரி என்று நான் வாதாட வரவில்லை. எந்த முடிவு என்றாலும், எடுக்க முதல் கிளைகளைக் கூட்டி ஒரு சொல் கேட்டிருக்கலாம். 2023 ஜனவரியில் கூட்டமைப்பை விட்டுத் தனியே கேட்பது என்று முடிவெடுத்தபோதும் இதே கதை. பேப்பர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர் தெரிவு கிளப்பிய புழுதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொழும்புக் கிளையை நடத்திய சட்டத்தரணி தவராசா வெளியேறி மாம்பழச் சின்னத்தில் நின்றார். போனவர் சரியா, இருந்தவர் சரியா, அது உங்கள் கணக்கு. எங்கள் கணக்கில் ஒரே ஒழுங்கையில் வீடும் மாம்பழமும் சங்கும் சைக்கிளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்த எல்லாரும் தமிழ்த் தேசியம் கதைத்தார்கள். நாலாவது ஆள் வந்தபோது வீட்டுக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் சனம் திரும்பி வந்தது. யாழ் மாவட்டத்தில் பல சபைகளில் வீடுதான் முதலிடம். ஆறு மாதத்துக்குள் இப்படித் திரும்பி வருவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் பெரும்பாலான சபைகளில் தனிப் பெரும்பான்மை இல்லை. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஆட்சி அமைக்க ஆதரவு கேட்டு, எங்கள் பதில் தலைவர் ஈபிடிபி கட்சியின் அலுவலகமான சிறீதர் தியேட்டர் படியேறி அதன் தலைவர் டக்ளஸ் தேவானந்தாவைச் சந்தித்தார்.

கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். சபை நடத்த எண்ணிக்கை வேண்டும், கலப்பு முறைத் தேர்தல் யாருக்கும் முழுதாகக் கொடுக்காது, அது அரசியல், அதெல்லாம் விளங்குகிறது. மற்றப் பக்கம் சைக்கிள், சங்கு என்று மற்றத் தமிழ்க் கட்சிகள் சேர்ந்து ஒப்பந்தம் செய்ததும் தெரியும். ஆனால் இருபத்தைந்து, முப்பது வருடமாக ஈபிடிபியைப் பற்றி மேடையில் என்னவெல்லாம் சொல்லித் திட்டினோம்? அந்த வார்த்தைகளை எழுதித் தந்தது நீங்கள், ஒலிவாங்கி பிடித்தது நாங்கள். அந்தச் சந்திப்பின் படத்தைத் தொலைபேசியில் கொண்டுவந்து காட்டி, “அண்ணை, இப்ப என்ன சொல்லுறியள்?” என்று கேட்டவனுக்கு வயது இருபத்திரண்டு. சில மாதம் முதல் ஆச்சியின் படலையில் சிரித்த அதே பெடியன். இப்போது அவன் எங்களோடு வருவதில்லை.

என்னுடைய ஐயா தமிழ் மொழி உரிமைக்கான 1961 சத்தியாக்கிரகத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் இருந்தவர். பெப்ரவரி 20 தொடங்கியது. பிறகு திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா என்று பரவியது. ஏப்ரல் 14 தந்தை செல்வா தமிழரசுத் தபால் சேவையைத் தொடக்கிவைத்தபோது ஐயா வரிசையில் நின்று ஒரு முத்திரை வாங்கினார். மூன்று நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்களைப் பனாகொடைக்குக் கொண்டுபோனார்கள். 1995 இடப்பெயர்வில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் ஐயா அந்த முத்திரையைப் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பையில் வைத்திருந்தார். ஒரு கடிதத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்காத முத்திரை. அதற்கு ஏன் அவ்வளவு பெறுமதி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “செல்வநாயகம் வெயிலுக்க இருந்தவர், நானும் இருந்தனான்” என்பார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

2025 ஓகஸ்ட் ஹர்த்தாலின்போது ஐயாவை நினைத்தேன். முல்லைத்தீவு முத்தையன்கட்டு இளைஞனின் மரணத்தை அடுத்து, இராணுவப் பிரசன்னத்துக்கு எதிராக அழைத்தீர்கள். காரணம் நூற்றுக்கு நூறு சரி. முதலில் 15 என்றீர்கள். அன்று மடுத் திருவிழா என்று பிறகு ஞாபகம் வந்து 18க்கு மாற்றினீர்கள். மன்னார்க் கிளையில் ஒருவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் மடுத் திருவிழாத் திகதியை நித்திரையிலும் சொல்லியிருப்பார். 18ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் பல கடைகள் திறந்தே இருந்தன. எங்கள் சந்தியில் பூட்டிய கடைகள் இரண்டு. ஒன்று என் மச்சானுடையது. மற்றதன் முதலாளி அன்று கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்.

நாங்கள் மட்டும் திறம் என்று சொல்ல வரவில்லை. கிளைக் கூட்டம் தேர்தல் இல்லாத காலத்தில் கூடுவதே இல்லை. எங்கள் உறுப்பினர் கொப்பியில் செத்தவர்களின் பெயரும் கனடா போனவர்களின் பெயரும் இன்னும் இருக்கின்றன. பெண்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் என் மனைவி, அவவும் என் வற்புறுத்தலில் கையெழுத்து வைத்தவ. இதற்கெல்லாம் நாங்கள்தான் பொறுப்பு. ஆனால் கேட்பாரில்லாத கொப்பியை யார்தான் திருத்துவார்கள்?

இனி என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. வழக்கைப் பேசி முடியுங்கள். வழக்குப் போட்டவரும் எதிராளியும் கட்சிக்காரர்களே, இதற்கு ஐக்கிய நாடுகள் சபை வரத் தேவையில்லை. பொதுச்சபையில் யார் யார் உறுப்பினர் என்ற பட்டியலை, தெரிவு நடப்பதற்கு முதலே, மாவட்டக் கிளைகளுக்கு அனுப்புங்கள். பிறகு மாநாட்டைக் கூட்டி இன்னொரு முறை பெட்டி வையுங்கள். யார் வென்றாலும் அவருக்காக நோட்டீஸ் ஒட்ட நாங்கள் தயார், எனக்கு அவரும் ஒன்று இவரும் ஒன்று. தோற்றவர் அடுத்த நாள் காலை வென்றவரின் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்தால் மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது. 38இல் 30 ஆசனம் தந்த சனத்துக்கு அதன் பிறகு ஒரு மாகாண சபைத் தேர்தலும் இல்லை. அது எப்போது வந்தாலும், வேட்பாளர் பட்டியலைக் கொழும்பிலும் யாழ்ப்பாண நகரத்திலும் மட்டும் இருந்து எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வழக்கு யாப்பைப் பற்றியது என்கிறீர்கள். எங்கள் கிளையில் ஒருவரும் அந்த யாப்பைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு பிரதி அனுப்பிவைத்தால் வாசிகசாலை மேசையில், பேப்பர்களுக்குப் பக்கத்தில், நூல் கட்டித் தொங்கவிடுகிறோம். தபாற்செலவு வேண்டுமென்றால் கிளைக் காசில் தருகிறோம்.

இப்படிக்கு,
தென்மராட்சியிலிருந்து ஒரு கிளை உறுப்பினர்